மேடையை மறைக்க வேண்டாம்

ஒரு திரைப்படத்தைக் குறைகூற வேண்டுமாயின் நம்மவர் கையில் எப்போதும் ஆயத்தமாய் இருக்கும் சொல் ‘நாடகத்தனம்’ என்பது. பேரிலக்கியம் ஒன்று திரைக்கு வரும்போது இச்சொல் இன்னும் கூர்மையாக வீசப்படுகிறது. நடிகர் நம்மை நோக்கி நின்று பேசினால் நாடகத்தனம். கதை சொல்பவரின் குரல் இடையே கேட்டால் நாடகத்தனம். ‘இது நாங்கள் நடித்துக் காட்டுவது’ என்று படமே ஒப்புக்கொண்டாலோ, அது நாடகத்தனத்தினும் தாழ்ந்த செயற்கை. பழைய நூலைப் படமாக்குவோர் அந்தக் காலத்தையே கண்முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடிப்பது தெரியக்கூடாது, சொல்வதும் தெரியக்கூடாது என்னும் கருத்து இன்று ஏறத்தாழ ஒரு விசுவாசக் கோட்பாடாகவே ஆகிவிட்டது. நாம் இதனை ஏற்பதற்கில்லை. பேரிலக்கியங்களுக்குத் திரையில் நேர்ந்த கேடு நாடகத்தால் வந்ததன்று. நாடகத்தை மறைத்ததால் வந்தது என்பதே நம் வாதம்.

இவ்வாதத்தைத் தொடங்குவதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே தக்க இடம். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், விராலிமலைக்குத் தெற்கே கொடும்பாளூர் உள்ளது. உறையூரைக் கடந்து மதுரை நோக்கி நடக்கும் கோவலனுக்கு வழி சொல்லும் முதிய மறையவர், இவ்வூரை அடுத்துப் பாதை சிவபெருமான் ஏந்திய சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை தரும் செய்தி இது. கண்ணகியின் அடி பட்ட மண் என்று இம்மாவட்டத்தார் பெருமை கொள்வது முறையே. ஆனால், அவ்வழி நடந்தோர் சந்தித்த இரண்டு வேடங்களை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலாவது, மறைத்துக்கொண்ட வேடம். நீர் தேடிச் சென்ற கோவலன் முன் கானுறை தெய்வம் ஒன்று, மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் வந்து, அடிபணிந்து, கண்ணீர் விட்டுப் பேசுகிறது. உருவில் பிழையில்லை, அழுகையிலும் பிழையில்லை. ஆயினும் கோவலன் ஐயுற்று மந்திரத்தை உச்சரிக்கிறான்; தெய்வம் தன் வேடத்தை ஒப்புக்கொண்டு நீங்குகிறது. இரண்டாவது, மறைக்காத வேடம். அடுத்து வரும் வேட்டுவ வரியில், எயினர் தம் குலத்துக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். அவள் யார் மகள் என்பது அங்குள்ள அனைவருக்கும் தெரியும். தெரிந்தே வணங்குகின்றனர். அடுத்தடுத்து வரும் இவ்விரு வேடங்களில் எது மயக்கிற்று, எது வழிபாடாயிற்று? குறையற்ற தோற்றம் மயக்க வந்தது. ‘இது வேடம்’ என்று வெளிப்பட நின்றதே வழிபாடாயிற்று. திரைப்படத்தைப் பற்றி எழுதுவோர் இவ்விரு காதைகளையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதுவது நல்லது.

சிலப்பதிகாரம் மேடையை எங்கும் மறைத்ததில்லை. அரங்கேற்று காதையில் அரங்கின் அளவே கூறப்படுகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரைகள் மூன்றும் பெயர் சுட்டிச் சொல்லப்படுகின்றன. கதையைச் சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதைப் பதிகம் உரைக்கிறது. நூலின் முடிவில் ஆசிரியர் தாமே வெளிப்பட்டுத் தம் கதையையும் கூறுகிறார். சொல்பவர் தம்மை மறைக்காத நூலை, சொல்பவரே இல்லாததுபோல் காட்டுவது எவ்வகை உண்மை?

இனித் திரைக்கு வருவோம். 1942-இல் ஜூபிடர் நிறுவனத்தார் வெளியிட்ட ‘கண்ணகி’யில் கோவலனாக நடித்தவர் புதுக்கோட்டையில் 1916-இல் பிறந்த பி. யு. சின்னப்பா. தந்தையாரும் நாடக நடிகர். மகனும் இளமையிலேயே பாய்ஸ் கம்பெனி மேடைகளில் பயின்றவர். கண்ணகியாக நடித்தவர் கண்ணாம்பா. உரையாடல் எழுதியவர் இளங்கோவன். சங்கரதாஸ் சுவாமிகள் உள்ளிட்டோரால் மேடைக்குப் பழகிவிட்ட கோவலன் கதையைத்தான் மக்கள் திரையிலும் கண்டனர். அக்கால வழக்கப்படி நடிகர்கள் அவையை நோக்கியே பேசினர், அவையை நோக்கியே பாடினர். இன்று அதனை எள்ளி நகையாடுவோர் உளர். நாம் நகையாடுவதற்கில்லை. தான் மேடையின் பிள்ளை என்பதை அப்படம் மறைக்கவில்லை. அது அதன் நேர்மை.

அப்படியாயின் குறையே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறிடத்தில் உள்ளது. காப்பியத்தின் கோவலன் தவறிழைத்துத் தளர்ந்தவன். பாடும் நட்சத்திரத்தின் கோவலனோ கதையின் நாயகனாக நிமிர்ந்துவிடுகிறான். காப்பியத்தின் வழக்குரை மிகச் சுருங்கியது. பரல் மாணிக்கமா, முத்தா என்னும் ஒரே கேள்வியில் அரசனின் கோலும் உயிரும் வீழ்கின்றன. திரையிலோ அது நெடிய சொற்போர் ஆயிற்று. 1964-இல் மு. கருணாநிதியின் திரைக்கதை உரையாடலில், ப. நீலகண்டனின் இயக்கத்தில் வந்த ‘பூம்புகார்’ இப்போக்கின் உச்சம். சி. ஆர். விஜயகுமாரியின் முழக்கத்தில் அரங்குகள் அதிர்ந்தன என்பது உண்மையே. ஆனால், அவையில் நின்று பேசுவது கண்ணகியா, அக்காலத்து அரசியல் மேடைத் தமிழா என்பதைப் பிரித்தறிய முடியாமற் போயிற்று. இங்கே நாம் கண்டிப்பது மேடையை அன்று. ஆசிரியர் தம் குரலைக் கண்ணகியின் குரலாக வேடமிட்டு அனுப்பியதையே கண்டிக்கிறோம். வசந்தமாலையின் உருவில் வந்த தெய்வம் செய்ததும் இதுவே.

இக்குறை பழைய படங்களோடு தீர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். கொடும்பாளூரின் இளவரசி வானதியை நாம் அறிவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாக. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடர்ந்த அப்புதினத்தின் முதல் பக்கத்திலேயே ஆசிரியர் வாசகரை அழைத்துக் காலவெள்ளத்தில் கற்பனைப் படகு ஏறச் சொல்கிறார். வழியெங்கும் உடன் வருகிறார். முடிவுரையில் வாசகரின் ஐயங்களுக்கும் விடையிறுக்கிறார். அப்புதினத்தின் சுவையில் சரிபாதி, சொல்பவரோடு நாம் கொள்ளும் இந்த உறவில் உள்ளது. மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022-இலும் 2023-இலும் இரு பகுதிகளாக வந்த திரைப்படத்தில் அவர் இல்லை. தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் முன்கதை கூறிவிட்டு அகல, பின்னர் வரலாறே நேரில் நிகழ்வதுபோல் குதிரைகள் பாய்கின்றன. படத்தின் அழகையும் உழைப்பையும் நாம் மறுக்கவில்லை; அதனைக் கண்டபின் நூலைத் தேடியவர் பலர் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்னும் கல்கியின் பெரிய முடிச்சு படத்தில் இல்லை. சுருக்கியதற்காக நாம் வருந்தவில்லை. ஐந்து பாகங்களைச் சில மணி நேரத்தில் சொல்வோர் சுருக்கியே ஆக வேண்டும். சுருக்கினோம் என்பதன் அடையாளமே இல்லாமல் சுருக்கியதற்காக வருந்துகிறோம். படத்தை மட்டும் கண்ட இளைஞருக்கு, ஒன்று விடுபட்டது என்பதே தெரிய வழியில்லை.

பிற நாட்டார் இதில் வேறு வழியும் கண்டுள்ளனர். 1944-இல் லாரன்ஸ் ஒலிவியர் ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யைப் படமாக்கியபோது, லண்டன் குளோப் நாடக அரங்கில், நடிகர்கள் திரைக்குப் பின்னால் ஒப்பனை செய்யும் காட்சிகளோடு தொடங்கினார். பின்னர் வரைந்த ஓவியங்கள் போன்ற அரங்கமைப்புகள். பின்னர் திறந்த வெளியில் போர்க்களம். இறுதியில் மீண்டும் அதே நாடக அரங்கு. இது நாடகம் என்று சொல்லியே நம்மைப் போர்க்களம் வரை நடத்திச் சென்றார். 2012-இல் ஜோ ரைட், டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில் பெரும்பகுதியைப் பாழடைந்த நாடக அரங்கு ஒன்றுக்குள்ளேயே நிகழ்த்தினார். குதிரைப் பந்தயமும் மேடையிலேயே ஓடுகிறது. உயர்குடியினர் ஒருவரையொருவர் வேடிக்கை பார்த்தே வாழ்கின்றனர் என்பது டால்ஸ்டாயின் பார்வை. அதற்கு மேடை பொருந்துகிறது. மண்ணை நேசிக்கும் லெவினுக்கு மட்டும் அரங்கின் கதவு திறந்து, உண்மையான பனிவெளி விரிகிறது. இங்கு உத்தி வெறும் அலங்காரமன்று. நூலுக்கு எழுதிய உரை.

உத்தி வெளிப்பட்டாலே போதும் என்றும் நாம் கூறவில்லை. அதே படத்தில் சில இடங்களில் உத்தி தன் அழகைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அன்னாவின் வேதனை வாயிலில் காத்திருக்க நேர்கிறது. அதுவும் செருக்கே. ஆகவே நாம் வைக்கும் அளவுகோல் எளியது. இந்த உத்தி நம்மை நூலிடம் அனுப்புகிறதா, தன்னிடமே நிறுத்திக்கொள்கிறதா? திருமுழுக்கு யோவான் மக்கள் தம்மிடம் திரண்டு வந்தபோது, தமக்குப் பின் வருபவரையே சுட்டிக் காட்டினார். பேரிலக்கியத்தைப் படமாக்குவோருக்கு அவரைவிடச் சிறந்த பாதுகாவலர் இல்லை.

‘மேடை தெரிந்தால் மாயை கலைந்துவிடாதா? மாயை கலைந்தபின் கண்ணீர் எப்படி வரும்?’ என்று கேட்போருக்கு நாம் நூல்களைக் காட்டப் போவதில்லை. இதே மாவட்டத்து ஆவூருக்கு அழைக்கிறோம். வீரமாமுனிவர் பணியாற்றிய பங்கு அது. இன்றுள்ள ஆலயம் 1747-இல் எழுந்தது. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து அங்கு நடைபெறும் பாஸ்காவைக் காணக் கிறிஸ்தவரோடு இந்துக்களும் இசுலாமியரும் திரள்கின்றனர். நம் பாஸ்கா மேடைகளில் எதுதான் மறைக்கப்படுகிறது? யூதாசாக நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்குத் தெரியும். சாட்டை மெய்யாக அடிக்கவில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். முடிவும் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் வியாகுலத் தாய் மகனை எதிர்கொள்ளும் வேளையில் மணல்மேல் அமர்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைக்கின்றனர். ஏமாற்றப்பட்டதால் வந்த கண்ணீர் அன்று அது. அறிந்து சிந்திய கண்ணீர்.

இன்னும் நெருங்கிய சான்று நம் திருவழிபாட்டிலேயே உண்டு. குருத்து ஞாயிறன்றும் புனித வெள்ளியன்றும் ஆண்டவரின் திருப்பாடுகளை எவ்வாறு வாசிக்கிறோம்? கதை உரைப்பவர் ஒருவர், கிறிஸ்துவின் சொற்களைக் கூறுபவர் ஒருவர், பிறருக்கு ஒருவர், கூட்டத்தின் குரல் நம்முடையது. சிலுவையில் அறையக் கேட்கும் குரலை நம் வாயிலேயே வைத்தது திருச்சபை. மீட்பின் மறைபொருளை எடுத்துரைக்கும் வேளையிலும் உரைப்பவரை அது மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நாம் வெறும் பார்வையாளராய் இருந்திருப்போம். மறைக்காததால் பங்காளிகள் ஆனோம். குற்றத்திலும் பங்காளிகள் ஆனோம்.

நற்செய்தியே திரைக்கு வந்தபோதும் இதனைக் கண்டோம். 2004-இல் மெல் கிப்சன் எடுத்த திருப்பாடுகளின் படம், அரமேய மொழியும் இலத்தீனும் பேசி, ஒவ்வொரு காயத்தையும் அருகில் காட்டி, ‘இப்படியே நடந்தது’ என நம்மை நம்பச் செய்தது. அவரது பக்தியில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதில் உள்ள சில காட்சிகள் நற்செய்தி நூல்களில் இல்லை. ஆன் கேத்தரின் எம்மெரிக் அம்மையாரின் தியானக் காட்சிகளிலிருந்து வந்தவை. படம் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. மாறாக, 1964-இல் மார்க்சியரான பசோலினி, மத்தேயு நற்செய்தியின் உரையாடல்களையே கைக்கொண்டு, தென் இத்தாலியின் மத்தேரா நகரில், நடிப்பறியா மக்களை வைத்துப் படமெடுத்தார். முதிய மரியாவாக அவருடைய தாயே நின்றார். பின்னணியில் பாக்கின் இசையும் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடலும் ஒலித்தன. எருசலேமை அப்படியே காட்டுவதாக அவர் பாவனை செய்யவில்லை; எங்கள் மக்களைக் கொண்டு சொல்கிறோம் என்றார். அதைக் கண்டபின் மத்தேயுவைத் திறந்து படிக்கத் தோன்றுகிறது. கிப்சனின் படத்தைக் கண்டபின், எல்லாவற்றையும் கண்டுவிட்டோம் என்றே தோன்றுகிறது. இவ்வேறுபாடு சிறியதா?

இது திரைப்பட விமர்சகரின் கவலை மட்டுமன்று. நம் கவலையும் ஆகும். நூல்களை அறியாது படங்களையே அறியும் தலைமுறை ஒன்று வளர்ந்து நிற்கிறது. தன்னையே மூலமாகக் காட்டும் படம் அவர்கள் கையிலிருந்து நூலைப் பறிக்கிறது. தான் ஒரு சொல்முறை மட்டுமே என்று ஒப்புக்கொள்ளும் படம் நூலுக்குரிய இருக்கையை வெறுமையாக விட்டு வைக்கிறது. அக்கேடு இப்போது நம் பாஸ்கா மேடைகளிலும் நுழையக் காண்கிறோம். சில இடங்களில் பதிவு செய்த உரையாடலுக்கு நடிகர்கள் வாயசைக்கின்றனர். பின்னே மின்திரையில் திரைப்படக் குருதி வழிகிறது. நம் பிள்ளைகளின் தடுமாறும் குரலைவிடப் பிழையற்ற குரல் மேலானது என்று யார் சொன்னது? பங்குத்தந்தையரையும் இளைஞர் மன்றத்தாரையும் பணிவோடு வேண்டுகிறோம்: அந்தத் தடுமாற்றத்தைக் களைந்துவிட வேண்டாம். அங்கேதான் ஊர் தன் கதையாக அதைச் சொல்கிறது.

கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. புதுக்கல் அடுக்கிப் பழையதுபோல் அதனை எவரும் எழுப்பி வைக்கவில்லை. அடித்தளத்தின் முன் நிற்பவர், இங்கே ஒன்று இருந்தது என்று அறிகிறார். அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறார். நம் பேரிலக்கியங்களைத் திரைக்குக் கொண்டு செல்வோரிடம் நாம் கேட்பதும் இந்த நேர்மை ஒன்றைத்தான்.