உப்புக்காற்றில் உக்கிப்போன பெஞ்ச்: வீட்டிலேயே தயாராகும் உதிரி பாகங்கள்!

கேள்வி: தோட்டத்து வேப்பமரத்தடியில் 20 வருடத்துக்கு முன்பு வாங்கிப் போட்ட இரும்புச் சட்டம், மரப்பலகை பெஞ்ச் இருக்கிறது. போன மாதம் மாமனார் உட்கார்ந்திருந்தபோது நடுப்பலகை முறிந்து கீழே விழுந்துவிட்டார். நல்லவேளை, பெரிய அடி இல்லை. அதே அளவுப் பலகையும் போல்ட்டும் கடையில் கிடைக்கவில்லை. புது பெஞ்ச் வாங்கச் சொல்கிறார்கள். பழையதையே சரிசெய்ய முடியுமா?
- ஒரு வாசகி, கிளியனூர்.

பதில்: தாராளமாக முடியும். ஆனால், முறிந்த பலகையை மட்டும் மாற்றினால் இரண்டு வருடத்தில் மறுபடியும் இதே நிலைதான். பலகை முறிந்ததற்குப் பலகை மட்டுமே காரணமாக இருக்காது. போல்ட் துருப்பிடித்துப் பருத்தால் மரத்தைப் பிளக்கும். பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, போல்ட்டைச் சுற்றியுள்ள மரம் உக்கிவிடும். பாரம் ஏறும்போது அந்த இடத்தில்தான் முறியும். முறிந்த பலகையை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் போல்ட் துளைக்குப் பக்கத்தில் கறுத்துப்போய் இருப்பதைக் காணலாம்.

கிளியனூரிலிருந்து கிழக்கே போனால் கழுவெளிச் சதுப்பு, கடலோரத்தில் மரக்காணம் உப்பளங்கள். கீழ்க்காற்று அடிக்கும்போது உப்பும் கூடவே வரும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே ஈரத்தை இழுக்கும். கடல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். இரும்பின் மேல் படிந்த உப்பும் இப்படித்தான். மழையே இல்லாத நாளிலும் இரவுப் பனியை இழுத்து இரும்பை நனைத்தே வைத்திருக்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்து இந்தத் துருவைப் பற்றியே ஆராய்ந்து வருகிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதும் துருவால்தான். பாலத்துக்கே அந்தக் கதி என்றால், பெஞ்ச் எம்மாத்திரம்?

அதனால் முதல் வேலை கழுவுவது. சுரண்டுவது அதற்குப் பிறகுதான். உப்பு இருக்கும்போதே சுரண்டி வண்ணம் அடித்தால், வண்ணத்துக்கு அடியில் துரு கொப்பளிக்கும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். இந்தப் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவுவதும் ஒன்று, கழுவாமல் விடுவதும் ஒன்று. ஏரித் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது.

பழைய போல்ட் சுலபத்தில் கழலாது. மண்ணெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டித் திருக வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடலாம். எப்படியும் அதே போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. இரும்புச் சட்டத்தைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அன்றே, பனி இறங்குவதற்கு முன் பிரைமர் அடித்துவிட வேண்டும். காலையில் தேய்த்துவிட்டு ‘நாளைக்கு அடிக்கலாம்’ என்று விட்டால் விடியும்போது செம்மண் நிறம் வந்திருக்கும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. அது அடிப்பூச்சுதான், அதன்மேல் எனாமல் பெயின்ட் இரண்டு கை அடித்தால்தான் ஈரம் உள்ளே போகாது. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கிடைத்தால் கடலோரத்துக்கு இன்னும் நல்லது. இந்த வேலைக்கு ஏற்ற பருவம் உப்பளத்தில் உப்பு வாரும் கோடைக்காலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம்.

அடுத்து பலகை. முறிந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தால் அதுதான் அளவுக்கட்டை. புதுப் பலகையின் மேல் வைத்து ஓரத்தையும் துளைகளையும் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். மரத்துக்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியமும் இருக்காது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் சாய்ந்த மரம் யார் கொல்லையிலாவது கிடக்கும். பூவரசு கிடைத்தால் முதலில் அதை எடுங்கள். கடலோரத்து மரம், வைரம் பாய்ந்தது என்றால் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். வேம்பும் பரவாயில்லை, கரையான் அவ்வளவாக அண்டாது. பலா மரத்தின் மஞ்சள் வைரப் பகுதியும் நன்றாக உழைக்கும். சவுக்கு இந்தப் பக்கம் ஏராளம் என்றாலும் காயும்போது வெடிக்கும். பலகைக்கு ஆகாது, உருட்டுக் கட்டையாக வைத்துக்கொள்ளலாம். கருவேலம் உறுதியானதுதான், ஆனால் அதிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துச் சாயம் இறங்கி வேட்டி சேலையெல்லாம் கறையாகும்.

பனஞ்சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். முதிர்ந்த மரத்தின் வெளிப்புறக் கறுப்பு வைரம் மட்டுமே உதவும். நடுவிலுள்ள சோறு உக்கிவிடும். அதில் ஆணி அடித்தால் பிளக்கும், துளை போட்டுத்தான் போல்ட் மாட்ட வேண்டும். இதற்காகப் பனையை வெட்டக் கிளம்பிவிட வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டிலேயே தமிழக அரசு அறிவித்துவிட்டது. பழைய கூரையைப் பிரித்த வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எந்த மரமானாலும் பச்சையாகப் பூட்டக் கூடாது. நிழலில் காய்ந்திருக்க வேண்டும். பலகை ஒரு அங்குல கனத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு கால்களுக்கு நடுவே இரண்டரை அடிக்கு மேல் இடைவெளி இருந்தால், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். உங்கள் பெஞ்சில் அது இல்லாமல் இருந்திருந்தால், மாமனார் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் பாதி நுழையும் அளவு சந்து விட்டால் மழைத் தண்ணீர் வடியும். போல்ட்டின் கனத்தைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகத் துளை போட்டால், மழையில் மரம் ஊதும்போது பிளக்காது. மரம் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது இரண்டு வெட்டுமுனைகளில்தான். அந்த முனைகளுக்கு ஆளிவிதை எண்ணெயோ பெயின்ட்டோ மூன்று முறை தடவுங்கள். ஆசாரிகளே பல நேரம் இதை விட்டுவிடுகிறார்கள்.

போல்ட் ஒன்றை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்க வேண்டும். பளபளவென்று இருப்பதெல்லாம் துருப்பிடிக்காதது அல்ல. மெல்லிய துத்தநாகப் பூச்சு ஒரு மழைக்குத்தான் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டின் தலையில் ‘ஏ2’ என்றோ ‘ஏ4’ என்றோ அச்சிட்டிருக்கும். ‘ஏ4’ என்பது 316 ரகம், உப்புக்காற்றுக்கு ஏற்றது. ‘ஏ2’ என்பது 304 ரகம், கிளியனூர் தூரத்துக்கு அது போதும். அலுமினியக் குழாய் நாற்காலியில் இந்த போல்ட்டை நேரடியாகப் போட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் ரப்பர் வாசர் கொடுக்க வேண்டும்.

அந்த வாசரை வீட்டிலேயே செய்யலாம். தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில், ஓரம் கூராக்கிய இரும்புக் குழாய்த் துண்டை வைத்து ஒரு போடு போட்டால் வட்டமாக வந்துவிடும். பெஞ்ச் கால்களுக்கு பி.வி.சி. பைப்பின் மூடியைக் கொதிநீரில் போட்டு இளக்கி மாட்டினால், ஆறியதும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பிக்கு, சொட்டுநீர்ப் பாசனத்தில் கழித்துப்போட்ட 16 மில்லிமீட்டர் குழாயை நீளவாக்கில் கீறி, வெந்நீரில் நனைத்துச் சொருகலாம். வெயிலில் கை சுடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி உள்ளே தேங்கிய உப்பைக் கழுவுங்கள், இல்லையென்றால் மூடிய இடத்திலேயே துரு வளரும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் மாமனாரை உடனே உட்கார வைக்காதீர்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டை இரண்டை நடுவில் அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் கீழே குனிந்து பாருங்கள். கீறல் இல்லை, போல்ட் இளகவில்லை என்றால் பயமில்லை. பொட்டாஷ் மூட்டையை மட்டும் அதன்மேல் வைக்க வேண்டாம்; அதுவும் ஒருவகை உப்புதான், சிந்தினால் இரும்பை அரிக்கும்.

கேள்வி: சாய்வு நாற்காலியின் துணி கிழிந்துவிட்டது. உரச்சாக்கைத் தைத்துப் போடலாமா?
- ஒரு வாசகர், மரக்காணம்.

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் சில மாதங்களிலேயே இற்றுவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். திடீரென்று கிழிந்து ஆளைக் கீழே தள்ளும். கித்தான் துணிதான் சரி. பழைய துணியின் தையலைப் பிரித்து, விரித்து வைத்து அளவெடுங்கள். நாற்காலியில் தொங்கும்போது அளந்தால், தொய்ந்த நீளமும் சேர்ந்து வந்துவிடும். பிரித்த பிறகு ஓர மடிப்பிலிருந்து அளந்து, ஒரு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூல் உப்பு ஈரத்தில் இற்றுப்போகும். வலை பின்னும் நைலான் நூல் உங்கள் ஊரில் கிடைக்காதா என்ன? அதில் இரண்டு வரிசை தையல் போடுங்கள். துணிக்குள் சொருகும் கோல் காணாமல் போயிருந்தால், பட்டை உரித்துக் காயவைத்த சவுக்குக் கோல் போதும். சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்துவிட்டது. எந்தப் பசை ஒட்டும்?
- ஒரு வாசகர், வானூர்.

பதில்: எந்தப் பசையும் நிலைக்காது. அந்த பிளாஸ்டிக்கின் குணம் அப்படி. முதுகுப் பக்கம் கீறல் என்றால், கீறல் முடியும் இடத்தில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் தடுத்து, பின்னால் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து நைலான் நூலால் தைக்கலாம். கால் விரிந்ததைத் தைக்க வேண்டாம். மேலே கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அப்படியென்றால் வெயிலில் முழுவதுமே இற்றுவிட்டது. கால்களை அறுத்துவிட்டு, மேல்பாகத்தைக் கோழி முட்டையிட வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரத்தில் கட்டிய ஊஞ்சலின் கொக்கி தேய்ந்திருக்கிறது. கம்பியை வளைத்து நாமே செய்துகொள்ளலாமா?
- ஒரு வாசகி, திண்டிவனம்.

பதில்: கூடாது. பலகையை, வாசரை, துணியை வீட்டில் செய்யலாம். தலைக்கு மேல் தொங்கும் கொக்கியையும் சங்கிலியையும் பாரம் குறிப்பிட்ட தரமானதாகக் கடையில்தான் வாங்க வேண்டும். கட்டுக்கம்பியை வளைத்தால் பாரத்தில் மெல்ல நிமிர்ந்துவிடும். கொக்கியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். அதுவரை குழந்தைகள் ஏறாதபடி பலகையைக் கழற்றி வையுங்கள்.