சிவப்பு விளக்கு எரியும்போது

"அந்தச் சிவப்பு லைட் எரியறப்போதான்டி சொட்டுது" என்று அம்மா சொன்னபோது நான் மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

எங்கள் சமையலறையில் சிங்குக்கு மேலே சுவரில் 3 லிட்டர் கீசர் ஒன்று இருக்கிறது. அது தண்ணீரைச் சுடவைக்கும்போது எரிவதுதான் அந்தச் சிவப்பு லைட். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். மார்கழி, தை மாதக் காலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்துவிட்டால் மதியம் வரை விரல் மடங்காது. பாத்திரத்தைத் தொடாதே என்றால் கேட்கிற ஆளும் இல்லை. அவருக்காகத்தான் வாங்கினோம். பால் பாத்திரம் ஊறவைப்பது, ஃபில்டரின் அடைத்துப்போன கண்களைத் திறப்பது, இட்லித் துணி அலசுவது என்று எல்லாம் அந்தச் சுடுதண்ணீர்க் குழாயில்தான். இந்த வீட்டில் அம்மா தனக்கென்று ஒரு பொருளை ஆசையாக வைத்துக்கொண்டது அநேகமாக அது ஒன்றுதான். அதனால் அது சொட்ட ஆரம்பித்தபோது எனக்குப் பெரிய விஷயமாகத்தான் பட்டது. ராத்திரி கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டின் மேல் 'டங்' என்று விழும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'டங்'. அம்மா எழுந்து போய்க் குழாயை இன்னும் இறுக்கிப் பார்ப்பார். வலிக்கிற விரல்களால்.

முதலில் வந்த ப்ளம்பர் கைப்பிடியைக் கழற்றி உள்ளே இருந்த கார்ட்ரிட்ஜை மாற்றினார். பத்து நாள் சத்தம் இல்லை. மறுபடி தொடங்கியது. இரண்டாம் முறை வேறொருவர். அவரும் அதையே மாற்றி, "உப்புத் தண்ணிங்க, இப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் பகுதியில் போர் தண்ணீர்தான், போதாததற்கு லாரித் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

அந்தக் கார்ட்ரிட்ஜை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். பழைய திருகு குழாயில் ஒரு ரப்பர் வாஷர் இறங்கி வந்து பித்தளை இருக்கையின் மேல் உட்காரும். தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம், ஒரு மாதம் ஓட்டலாம். இப்போதைய கால் திருகு குழாயில் அப்படி இல்லை. இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, இடையில் தண்ணீர் நுழைய முடியாத அளவுக்கு மழமழவென்று இழைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஓட்டை. ஓட்டையும் ஓட்டையும் சேர்ந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். ஒரு மணல் பருக்கை போதும், வில்லையில் கோடு விழுந்துவிடும். அடியில் இருக்கும் ரப்பர் வளையமோ சூட்டில் நாளடைவில் விறைத்துப்போகும். இந்த வகைக் குழாயை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்காது. கைப்பிடிதான் உடையும். அம்மாவிடம் இதைச் சொன்னபிறகுதான் ராத்திரியில் எழுந்து போவதை நிறுத்தினார்.

மூன்றாவதாக வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பையைக் கீழே வைத்தார். குழாயைத் தொடவே இல்லை. "எப்போ சொட்டுது?" என்று கேட்டார்.

நான் "எப்பவுமேதான் அண்ணே" என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "இல்லப்பா, லைட் எரியறப்போ சொட்டும், லைட் அணைஞ்சு கொஞ்ச நேரத்துல நின்னுடும்" என்றார்.

அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "சொட்டுற தண்ணி சுடுதாம்மா, ஆறிப்போய் வருதா?" "வெதுவெதுன்னு வரும்பா." "சுவிட்ச ஆஃப் பண்ணி வெச்சிருந்தா?" "ஒரு சொட்டு வராது." அவ்வளவுதான். ஸ்டூலைப் போட்டு ஏறி, கீசருக்கு அடியில் டார்ச் அடித்தார். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் வழியில் பித்தளையில் ஒரு சின்ன வால்வு. அதன் பக்கவாட்டில் ஒரு மூக்கு. அந்த மூக்கில் எம்-சீலைத் திணித்து, அதற்கு மேலே ஒரு மூடியையும் போட்டுத் திருகியிருந்தது.

"இத யாரும்மா அடைச்சது?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஏழெட்டு மாதம் முன்பு அந்த மூக்கிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. மேடையில் ஈரம், பக்கத்துச் சுவரில் பாசி. வேறு வேலைக்கு வந்த ஒருவரிடம் சொன்னேன். அவர் ஐந்தே நிமிடத்தில் அடைத்துவிட்டு, "இனிமே சொட்டாது" என்று போய்விட்டார். அந்தச் சொட்டுதான் வேறு வழி தேடிக் குழாய்க்கு வந்திருக்கிறது.

பெரியவர் ஸ்டூலிலிருந்து இறங்கி விளக்கினார். தண்ணீர் சுட்டால் பெருகும். கண்ணுக்குத் தெரியாத பெருக்கம்தான். 28 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். 3 லிட்டருக்கு ஏறக்குறைய 40 மில்லி, அம்மா கணக்கில் கால் ஆழாக்கு. குழாய் மூடியிருக்கிறது. வந்த வழியே திரும்பிப் போகாமல் அந்த வால்வே தடுக்கிறது, சுடுதண்ணீர் மேல்தொட்டிக் குழாயில் ஏறிவிடக் கூடாதென்று. அந்தக் கால் ஆழாக்கு எங்கே போகும்? அதற்காக வைத்ததுதான் மூக்கு. உள்ளே அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் வால்வு தானாகத் திறந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். தண்ணீரை அமுக்கிச் சிறியதாக்க முடியாது. மூக்கை அடைத்தால் இருப்பதிலேயே பலவீனமான இடத்தை அது கண்டுபிடிக்கும். எங்கள் வீட்டில் அது கார்ட்ரிட்ஜ். புதிது போட்டதும் பத்து நாள் தாங்கியது, பிறகு தோற்றது. இன்னும் கொஞ்ச நாள் போனால் கனெக்‌ஷன் பைப் வெடித்திருக்கலாம் என்று அதன் உலோகப் பின்னலைக் காட்டினார். அங்கங்கே துருவேறிப் பிசிறு நின்றது.

அது சின்ன ஆபத்து. தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டு, அதற்குக் காவலாக இருக்கும் கட்-அவுட்டும் கைவிட்டால் தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும். மூடிய கலத்தில் அழுத்தம் கூடக்கூட 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காது, தண்ணீராகவே காத்திருக்கும். கலம் பிளந்த நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்தக் கீசருக்கு நேர் கீழே, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, தினமும் காலை ஐந்தரைக்கு என் அம்மா நிற்கிறார். மூக்கை அடைத்த அன்று பக்கத்தில் நின்று "சரி, சொட்டு நின்னா போதும்" என்று சொன்னது நான். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வீட்டுக் கீசருக்கு அடியில் குனிந்து பாருங்கள். பாத்ரூம் கீசரையும் சேர்த்து. வால்வின் மூக்கில் மூடி, எம்-சீல், முறுக்கிய துணி எது இருந்தாலும், சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஈரம் பொறுக்கவில்லை என்றால் மூக்கில் ஒரு மெல்லிய டியூபைச் செருகி, கீழ்நோக்கி இறக்கி, சிங்கில் விட்டுவிடலாம். டியூபின் மறுமுனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அது சின்ன வேலை. மூக்கை அடைத்தவருக்கும் அது தெரிந்திருக்கலாம். கேட்பவர் சொட்டு நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டால், செய்பவரும் அதை மட்டும்தான் செய்வார்.

நியூஜெர்சியில் இருக்கும் தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன். அவன் வீட்டிலும் அதே சமயம் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே சிங்கின் ஓரத்தில் சுடுதண்ணீருக்கென்றே தனியாகக் குட்டிக் குழாய் உண்டு. சிங்குக்கு அடியில் சின்னத் தொட்டி. கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே எந்நேரமும் சூடாக இருக்கும். அந்த அமைப்பு நம்முடையதற்கு நேர் எதிர். கைப்பிடி தடுப்பது சுடுதண்ணீரை இல்லை, தொட்டிக்குள் போகும் குளிர்ந்த தண்ணீரை. திறந்தால் குளிர்ந்தது உள்ளே போய்ச் சுட்டதை வெளியே தள்ளும். தொட்டியின் வாய் குழாய் மூக்கு வழியாக எப்போதும் திறந்தே கிடக்கும். பெருகும் தண்ணீர் தங்க உள்ளேயே ஒரு சிற்றறை இருக்கிறது. அதில் உப்புப் படிந்தாலோ, சூட்டை மிகவும் ஏற்றி வைத்தாலோ மூக்கு சொட்டும். தம்பி சூட்டைக் கொஞ்சம் குறைத்தான், சொட்டு நின்றது. நிற்காமல் ஆறிய தண்ணீராகச் சொட்டிக்கொண்டே இருந்திருந்தால் கோளாறு கைப்பிடி வால்வில். அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டுச் சாதாரணக் குழாயை மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. அந்தத் தொட்டி அழுத்தம் தாங்கச் செய்ததே இல்லை. நம் ஊரிலும் இதே மாதிரி வாய் திறந்த குட்டி ஹீட்டர்கள் உண்டு. வெளிவழியில் குழாய் போடாதே என்று கூட வரும் தாளிலேயே எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைப் படித்த பிறகு மாட்டுங்கள்.

எங்கள் வீட்டில் பெரியவர் வேலையை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முதலில் சுவிட்ச். அது போதாதென்று எம்.சி.பி.யையும் இறக்கச் சொன்னார். 3,000 வாட் சாமான், 13 ஆம்பியர் இழுக்கும், ஈரக் கையோடு விளையாட வேண்டாம் என்றார். பிறகு ஆங்கிள் காக்கை மூடி, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினார். சூடு ஆறக் காத்திருந்தார். அடைபட்ட வால்வைச் சுத்தம் செய்து பார்க்க அவர் ஒப்பவில்லை. உள்ளே ஸ்பிரிங் உப்பேறி இறுகியிருக்கும், நம்ப முடியாது என்று புது வால்வு வாங்கிவரச் சொன்னார். மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்துவிடும். வால்வின் உடம்பில் அம்புக்குறி இருக்கிறது, அது கீசரைப் பார்த்து இருக்க வேண்டும். கனெக்‌ஷன் பைப் இரண்டையும் மாற்றி, புது வால்வின் மூக்கில் சிங்குக்கு இறங்கும் ஒரு டியூபையும் செருகினார். கார்ட்ரிட்ஜை மட்டும் தண்ணீரை முழுக்க வடித்துக் கழற்றி, வினிகரில் ஊறவைத்து, விரலால் தடவிப் பார்த்து அப்படியே திருப்பிப் போட்டார். "இது நல்லாத்தாம்மா இருக்கு. பாவம், இது என்ன பண்ணும்."

கூலி வாங்கும்போது என்னிடம், "வீட்ல யாரு பாத்திரம் கழுவுறாங்களோ அவங்ககிட்ட முதல்ல கேளுங்க மேடம்" என்றார். அம்மா அவருக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தார்.

அன்று ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, தட்டுகளைக் கவிழ்த்து வைத்தபிறகு அம்மா டியூபின் முனையில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் படுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. 'டங்' இல்லை. காலையில் நான் எழுந்து வரும்போது டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் கம்மிடி" என்றார். அதைத் துளசிக்கு ஊற்றப் போனார்.