தீட்டும் சீழும்

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்தால் குற்றவாளி யார்? தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. நோயாளிதான் குற்றவாளி. 'நீங்கெல்லாம் சுத்தபத்தமா இருக்கறதில்ல, அதான்.' வார்டில் இந்த ஒரு வரி போதும். டாக்டர் தப்பித்தார், கத்தி தப்பித்தது, நிர்வாகம் தப்பித்தது. சேரி மாட்டிக்கொண்டது.

இந்த வரி விஞ்ஞானம் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட தீட்டு.

என் பெரியம்மாவுக்கும் இதே வரிதான் கிடைத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாளுக்கு ஒன்றரை ஷிப்ட். குடலில் ஓட்டை விழுந்து அவசர ஆபரேஷன். எட்டாம் நாள் தையல் விட்டுச் சீழ் வடிந்தது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் காரணம் சொன்னார்கள். தெருப் பெயரைக் கேட்டுக் கிருமியைக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிக்கூடம் நம்ம நாட்டில் மட்டும்தான் இருக்கும்.

கிருமி எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் ரகசியம் குடலுக்குள் இருக்கிறது. அங்கே கிருமிகள் கோடி கோடியாய் வாழ்கின்றன. ஐயர் குடலிலும் உண்டு, கவுண்டர் குடலிலும் உண்டு, அருந்ததியர் குடலிலும் உண்டு. குடலைத் தொட்ட கையுறை, குடலைப் பிடித்த இடுக்கி, அதே கையும் அதே கருவியும் கடைசியில் தோலையும் சதையையும் சேர்த்துத் தைக்க வந்தால் கிருமியும் கூடவே வரும். இதைப் புரிந்துகொள்ள எம்.எஸ். படிக்க வேண்டியதில்லை. மீன் கழுவிய கையோடு யாரும் தயிர்ப்பானையைத் தொடமாட்டார்கள்.

இதைப் பரிசோதித்தும் பார்த்துவிட்டார்கள். இந்தியா, கானா, நைஜீரியா, ருவாண்டா உள்ளிட்ட 7 நாடுகளில், 81 ஆஸ்பத்திரிகளில், 13,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த 'சீட்டா' ஆய்வு 2022இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையை மாற்று, கருவிகளை மாற்று. செய்தது அவ்வளவுதான். வழக்கப்படி செய்த இடங்களில் 100க்கு 18.9 பேருக்குக் காயத்தில் தொற்று. மாற்றிய இடங்களில் 16.0. நோயாளியின் தெரு மாறவில்லை, சாதி மாறவில்லை. மாறியது டாக்டரின் கையுறை. குறைந்தது சீழ்.

'பணமில்லைங்க' என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. மருந்து பூசிய விலை கூடிய தையல் நூல், விலை கூடிய தோல் மருந்து, இவை சாதாரண நூலையும் போவிடோன் அயோடினையும் விட நல்லதா என்று 'பால்கன்' என்ற ஆய்வு கேட்டது. 2021இல் வந்த முடிவு: வித்தியாசமில்லை. உயர்ந்த நூல் என்பதற்காகக் காயம் ஆறிவிடாது. நூலின் மகிமை நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அப்புறம் பணம் எங்கே தடுக்கிறது? 2020இல் கொரோனா வந்தபோது இதே திருப்பூர் இரவும் பகலும் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்துக் கொடுத்தது. ஊரைக் காக்கத் தைத்தவளின் வயிற்றைத் தைக்கும்போது ஒரு ஜோடி கையுறைக்குக் கணக்குப் பார்ப்பதா?

சர்க்கரை, ரத்தசோகை, சத்துக்குறைவு இருந்தால் காயம் சீழ் வைக்க வாய்ப்பு அதிகம். உண்மை. ஆனால் ரத்தசோகை அவள் விரும்பி வாங்கிய நகையா? ஒன்றரை ஷிப்ட் கொடுத்த கூலி அது.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போகாதே, குளோரின் நீரில் கை கழுவு என்றார். 100க்கு 18 என்றிருந்த தாய்மார் சாவு சில மாதங்களில் 2 ஆனது. பெரிய டாக்டர்கள் ஏற்கவில்லை. கனவான்கள் கையில் சாவு இருக்குமா என்ற கோபம். சரியாக 80 வருடம் கழித்து, 1927இல், அம்பேத்கர் தலைமையில் மகாத் குளத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார்கள் நம் மக்கள். சாதி இந்துக்கள் சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் 108 பானைகளில் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணியால் சுத்தம் செய்கிற மூளை கையைப் பார்க்காது, ஆளைத்தான் பார்க்கும். பழங்கதை இல்லை இது. 2018இல் நம்ம அவிநாசிக்குப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அருந்ததியப் பெண் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தை மறித்தார்கள்.

ஆனால் ஆபரேஷன் தியேட்டர் தரையைக் கழுவ, ரத்தம் ஊறிய துணியை அள்ள, அந்தப் பெண்ணின் அக்கா தங்கச்சிதான் வேண்டும். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. தியேட்டர் சுத்தம் அவள் கையில் நிற்கிறது. அவளைத்தான் அசுத்தம் என்கிறார்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்ட்டரில் உட்காருகிறவன். சீழின் விலை எனக்குக் கிராம் கணக்கில் தெரியும். முதல் தடவை கம்மல் வரும், ஆபரேஷனுக்கு. மறு தடவை தாலியில் கோத்த குண்டுமணி வரும், ஆறாத காயத்துக்கு. ஈ.எஸ்.ஐ. சட்டம் நோய்க்கால விடுப்புக்குக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை தருகிறது. பீஸ் ரேட்டில், கான்ட்ராக்டர் கையில் கூலி வாங்குகிற எத்தனை பேரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

திருப்பூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சந்தோஷம். இனி கேட்கவேண்டியதைக் கேட்போம். அறுவைக்கு முன் சவரக்கத்தியால் முடி மழிக்காதே. தோலில் விழும் நுண்கீறல் கிருமிக்கு வாசல். ஆன்டிபயாடிக்கைக் கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் கொடு. தைத்து முடித்தபின் காயத்துக்குக் காவல் என்று நாள்கணக்கில் ஏற்றாதே. இவை உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னவை. வயிற்றை மூடுமுன் கையுறையும் கருவியும் மாற்று. துப்புரவுத் தொழிலாளியை நிரந்தரமாக்கு. அவளுக்கும் கையுறை கொடு, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போடு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, போன மாதம் எத்தனை வயிறு திறந்தீர்கள், 30 நாளுக்குள் எத்தனை சீழ் வைத்தது என்று வாசலில் பலகையில் எழுதிப் போடுங்கள். பனியனில் ஒரு தையல் விட்டால் எந்த மிஷின், எந்த டெய்லர் என்று தேடிப் பிடிக்கிற ஊர் இது. வயிற்றுத் தையலுக்கும் அதே கணக்கு வேண்டும்.