இருளும் ஈரமும் கற்பித்த பாடம்

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

வானம் பார்த்த பூமி என்று பெயர் பெற்றது நமது கரிசல். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பதும், மழைக்கஞ்சி காய்ச்சி ஊற்றுவதும் நம் முன்னோர் கண்ட வழக்கங்கள். வறட்சியைத் தாங்கும் வழியை இந்த மண் தன் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் மழை மிகுந்தால் என்ன செய்வது? குளிரும் இருட்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? இவ்வினாக்களை நாம் கேட்டதே இல்லை. “அதெல்லாம் நம்ம பக்கம் வராது” என்று இருந்துவிட்டோம். அந்த நினைப்புதான் மழையைவிட, குளிரைவிட, இருட்டைவிடப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் மாவட்டத்தார் எளிதில் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான். ஆண்டு மழைக்கும் மேலான மழை ஒரே நாளில் கொட்டினால் எந்தக் கண்மாய் தாங்கும்? எந்தக் கரை நிற்கும்? தாமிரபரணி கரை புரண்டது. கோவில்பட்டி வட்டாரத்திலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சாலைகள் அறுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் அதில் இருந்தனர். ஒரு பகுதியினர் முதலில் வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய ஏறத்தாழ 500 பேர் 19-ஆம் தேதிதான் மீட்கப்பட்டனர். இடைப்பட்ட நேரத்தில் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருகிறேன்.

அப்போது நான் மேல்நிலைப் பள்ளி மாணவன். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர் எங்கள் ஊர். முன்னிரவிலேயே மின்சாரம் போயிற்று. நடுச்சாமத்தில் பக்கத்து வீட்டு மண்சுவர் ஊறிச் சரிந்தது. அவ்வீட்டார் ஐந்து பேர் சொட்டச் சொட்ட நனைந்து எங்கள் வீட்டுக்கு வந்தனர். அவர்களில் ஒன்று கைக்குழந்தை. அதன் உதடு நீலம் பாரித்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

அடுப்பு மூட்டலாம் என்றால் தீக்குச்சி பற்றவில்லை. ஒன்று, இரண்டு, நான்கு பெட்டிகள் கிழித்துப் பார்த்தோம். பட்டையிலெல்லாம் ஈரம் ஏறியிருந்தது. என் தாயார் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். ஊர் உலகத்துக்கெல்லாம் நெருப்பை அனுப்பும் வட்டாரத்தில், அந்த நெருப்பைச் செய்யும் கைக்கு அன்று ஒரு குச்சி நெருப்பு இல்லை!

“எய்யா, அந்த அடுக்குப்பானையை இறக்கு. அடிப்பானைக்குள்ள கையை விடு” என்றாள் ஆச்சி. உள்ளே பாலித்தீன் தாளில் சுற்றிய தீப்பெட்டி ஒன்று, இரண்டு மெழுகுவத்திகள், ஒரு பழைய கம்பளி. “பழைய சாமானைக் கட்டி அழுகிறாள்” என்று அவளை அதுவரை கேலி செய்தவர்கள் நாங்கள். குழந்தையின் ஈரத்துணியைக் களைந்து நன்றாகத் துடைத்து, தாய்க்கும் காய்ந்த சேலை கொடுத்து, அவள் மார்போடு பிள்ளையைச் சேர்த்து இருவரையும் கம்பளியால் மூடச் சொன்னாள். விடியற்காலையில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல் இனிய ஓசையை நான் கேட்டதில்லை. ஆனால் ஊருக்கு வெளியே கிடையில் நின்ற ஆட்டுக்குட்டிகளுக்கு யாரும் கம்பளி போர்த்தவில்லை. பதினோரு குட்டிகள் விறைத்துக் கிடந்தன.

“கோவில்பட்டியில் குளிரா?” என்று நண்பர்கள் நகைக்கலாம். பனி பெய்தால்தான் குளிர் கொல்லும் என்பது தவறான எண்ணம். உடலின் வெப்பத்தைக் காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேலாகக் கடத்துகிறது. நனைந்த துணியோடும் வாடைக்காற்றோடும் வெறும் வயிற்றோடும் ஓர் இரவு கழிக்க நேர்ந்தால், நம் ஊரின் மார்கழிக் குளிரே போதும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. குழந்தைகளும் முதியோரும்தான் முதலில் வீழ்வார்கள்.

குளிர் இவ்வாறென்றால் இருட்டு எவ்வாறு? மின்சாரம் போனால் விளக்கு மட்டும் போவதில்லை என்பதை அந்நாட்களில்தான் உணர்ந்தோம். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் நின்றது. மாவரைக்கும் மில் நின்றது. செல்போன் கோபுரம் ஓய்ந்தது. ஆகவே ஆம்புலன்சை அழைக்க வழியில்லை. கோவில்பட்டி நகருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? தொலைவிலுள்ள சீவலப்பேரியில் தாமிரபரணி நீரை எடுத்து இறைத்து அனுப்புகிறார்கள். வீட்டைச் சுற்றி வெள்ளம், குடிக்க நீரில்லை! ஊர் அடிபம்பு துருப்பிடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழுது பார்க்க ஆள் வரவும் கரிசல் விடாது. ஈரம் பட்ட கரிசலில் காலும் நகராது, சக்கரமும் நகராது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கயத்தாற்றின் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மின்சாரம் விளையும் மண்ணில் இருந்துகொண்டே இருட்டில் கிடந்தோம். வாழ்க்கையின் அத்தனை முடிச்சுகளையும் ஒரே கயிற்றில் போட்டுவிட்டோம். கயிறு அறுந்தது, எல்லாம் அறுந்தது.

இது ஏழை நாட்டின் குறை என்று எண்ணுவோர் இன்னொரு கரிசல் பூமியைப் பார்க்கட்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் நம்முடையதைப் போன்ற கருமண் உண்டு; வெயிலும் உண்டு; பருத்தியும் உண்டு. டாலஸ் நகரம் அக்கருமண்ணில்தான் நிற்கிறது. வெயிலுக்கென்று அமைந்த அம்மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் இறங்கியது. டாலசில் பூச்சியத்திற்குக் கீழே 19 டிகிரி! எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. வாயு இல்லாமல் மின்நிலையங்கள் நின்றன. மின்வெட்டால் வாயுவை அனுப்பும் எந்திரங்களும் நின்றன. ஒன்று மற்றொன்றை வீழ்த்திற்று. சுமார் 45 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரம் இழந்தன. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி கடந்திருந்தால் மாநிலத்தின் மின்கட்டமைப்பு முழுவதுமே சரிந்து, எழ வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்று அதனை நடத்துவோரே கூறினர். அரசின் கணக்குப்படி மாண்டவர்கள் 246 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உடல் வெப்பம் குறைந்தே இறந்தனர். குளிர் காய்வதற்காக மூடிய இடத்தில் காரை ஓடவிட்டும் கரியை எரித்தும் நச்சுவாயுவுக்கு இரையானவர்களும் உண்டு. செல்வம் இருந்தது; அறிவியல் இருந்தது. ஆயத்தம் இல்லை.

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? 2011 பிப்ரவரியிலேயே அதே மாநிலத்தில் குளிரால் மின்நிலையங்கள் நின்றன. குளிரைத் தாங்கும்படி எந்திரங்களுக்குக் காப்பு அமையுங்கள் என்று மத்திய அமைப்புகளின் அறிக்கை அவ்வாண்டே கூறிற்று. “நமக்கு எப்போதோ ஒருமுறை வருவதற்கு இவ்வளவு செலவா?” என்று பெரும்பாலோர் அதைப் பரணில் போட்டனர். அதே மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள எல் பாசோ நகரத்தார் மட்டும் 2011-இல் பட்ட அடியை மறக்காமல் பணம் செலவிட்டுக் காப்புச் செய்துகொண்டனர். அண்டை மாநிலங்களின் மின்கட்டமைப்போடும் அவர்கள் இணைந்திருந்தனர். 2021-இல் அங்கே மிகச் சிலருக்கே, அதுவும் சிறிது நேரமே மின்சாரம் நின்றது. மற்ற இடங்களில் காப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 2021 ஜூனில் வந்தது; அதாவது, 246 பேரை இழந்த பின்னர்.

“நூறாண்டுக்கு ஒருமுறை வருவதற்காக ஏழை மாவட்டம் பணத்தைக் கொட்ட வேண்டுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சாலையும் பள்ளியும் கேட்டு நிற்கும் ஊரில், வராத வெள்ளத்துக்குச் செலவு செய் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நான் சொல்லும் ஆயத்தத்தில் பெரும்பகுதி பணத்தால் ஆவதன்று, கவனத்தால் ஆவது. ஓர் அடிபம்பைப் பழுது பார்க்க ஆகும் செலவு என்ன? ஆச்சியின் அடுக்குப்பானைக்கு ஆன செலவு என்ன?

பழமையைப் போற்றி மின்சாரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆச்சியின் மெழுகுவத்தியால் சிறுநீரக நோயாளிக்கு இரத்தம் சுத்திகரிக்க முடியாது. மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் தடையில்லா மின்சாரம் தருவதும், கண்மாய்க் கரைகளைக் கோடையிலேயே பலப்படுத்துவதும், வரத்துக்கால்களைத் தூர் வாருவதும் அரசின் கடமை. அதை நாம் உரத்த குரலில் கேட்க வேண்டும். அரசு வந்து சேரும் வரையிலான முதல் இரண்டு நாட்களைக் கடத்துவது ஊரின் கடமை. புதுக்குடி மக்கள் காட்டியது இதைத்தான். பயணிகளைத் தேடி உதவி வந்து சேருமுன், அக்கம்பக்கத்தாரின் அடுப்பு அவர்களைத் தேடி வந்தது.

நம் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலோர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருகிறவர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலையோரம் சுண்ணாம்பு அடிப்பதோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஒவ்வோர் ஊரிலும் தனித்து வாழும் முதியோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள், நாள் தவறாமல் மருந்து தேவைப்படுவோர் ஆகியோரின் பட்டியலை எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தரலாம். அடிபம்பு இயங்குகிறதா என்று பார்த்து, இயங்காவிட்டால் மனு எழுதலாம். மண்சுவர் வீட்டார் இரவில் எங்கே போய்த் தங்குவது என்பதை முன்கூட்டியே பேசி வைக்கலாம். பள்ளிக் கட்டடமோ, கோயில் மண்டபமோ, தேவாலயமோ, மேடான இடமாக ஒன்று போதும். வீட்டுக்கு வீடு காய்ந்த விறகு, ஈரம் புகாத டப்பாவில் தீப்பெட்டி, இரண்டு நாளைக்குத் தண்ணீர், ஒரு கம்பளி இருக்கச் செய்யலாம். மூடிய அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காயக்கூடாது என்பதை எல்லோருக்கும் சொல்லலாம். கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்று அவ்வாறு உயிரிழந்தவர்களின் செய்தியை நாளிதழ்களில் படித்தவர்கள்தாமே நாம்! ஆட்டுக்கிடைக்கு மேட்டில் ஒரு கூரை போடுவது பற்றியும் கீதாரிகளோடு பேசலாம்.

வருமுன் காப்பதைப் பற்றி வள்ளுவர் சொன்னதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மதிப்பெண் வந்தது, காப்பு வரவில்லை. 2023-இல் எங்கள் வீட்டுக்கு வந்த குழந்தை இப்போது தெருவில் ஓடி விளையாடுகிறது. அதை உயிரோடு வைத்தது ஓர் எழுத்தறியாத மூதாட்டியின் முன்யோசனை. அவள் சென்ற ஆண்டு காலமானாள். அடுக்குப்பானை இருந்த இடத்தில் இப்போது குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. அடிப்பானையில் இருந்தவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, தீப்பெட்டியை மட்டும் புதிதாக மாற்றி, அந்தப் பெட்டியின் மேலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, நண்பர்களே?