சொல் விருந்து: பெயருக்குள் ஒளிந்த பெயர்

நம் இல்லங்களில் ஆங்கில நாவல்களை விரும்பிப் படிக்கும் பிள்ளைகள் பலர். கல்லூரி நாட்களில் அவற்றைப் பாடமாகப் படித்த பெற்றோரும் பலர். இரு சாராரும் ஒருங்கே அமர்ந்து விடை காண இம்மாதம் ஐந்து வினாக்கள் தருகிறோம். விடைகள் கீழே உள்ளன. அவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் முயன்று பார்க்குமாறு வேண்டுகிறோம்.

வினாக்கள்

1. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவதை நம் புலவர்கள் மாலைமாற்று என்றனர். டிக்கன்ஸின் கதாநாயகன் ஒருவனது பெயர் ஆங்கில எழுத்தில் இவ்வாறு அமைந்துள்ளது. அவன் யார்?

2. சாமுவேல் பட்லர் 1872-ல் வெளியிட்ட ‘எரிவான்’ என்னும் நாவலின் பெயர், ‘எங்குமில்லை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போட்டது. ஆயினும் இரண்டு எழுத்துக்கள் மட்டும் திரும்பவில்லை. அவை எவை?

3. முற்பகுதி அரசர் வீற்றிருக்கும் சபை. பிற்பகுதி கடலில் செல்லும் வாகனம். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆடவன் ஒரு நங்கையின் மனத்தை நாடிப் பழகுதல். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் வரும் இப்புதிருக்கு விடை யாது?

4. சார்லஸ் டிக்கன்ஸின் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள் இடம் மாறி எந்தக் கதாநாயகனின் பெயரில் நிற்கின்றன?

5. கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் ஆகிய மூவர் யாவர்? முதலெழுத்துக்களே வழிகாட்டும்.

விடைகள்

1. ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் பிப். பிலிப் பிரிப் என்னும் முழுப்பெயரைச் சொல்லத் தெரியாத மழலை வாய் அதனைப் பிப் எனச் சுருக்கியது.

2. டபிள்யூ, எச் என்னும் இரண்டு.

3. கோர்ட்ஷிப். எல்டன் கொடுத்த இப்புதிரை எம்மா நொடியில் அவிழ்த்துவிடுகிறாள். ஆனால் அது தன் தோழி ஹாரியட்டுக்கு உரியது என்று எண்ணிவிடுகிறாள். எல்டன் நாடியதோ எம்மாவையே. சொல்லை அறிந்தவள் மனத்தை அறியவில்லை. பின்னர் வந்த துன்பத்திற்கெல்லாம் இதுவே வித்து.

4. டேவிட் காப்பர்ஃபீல்டு. 1824-ல் தந்தை கடனுக்காகச் சிறை சென்றபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் காலணி மை செய்யும் தொழிற்கூடத்தில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார். அந்த வேதனையே இந்நாவலில் டேவிட்டின் வேதனையாயிற்று. எழுத்துக்கள் இடம் மாறி நிற்பதை நண்பர் ஃபார்ஸ்டர் எடுத்துக் காட்டியபோது டிக்கன்ஸே திடுக்கிட்டாராம்.

5. சார்லட், எமிலி, ஆன் என்னும் பிராண்டி சகோதரிகள். பெண்கள் எழுதியவை என்றால் விமர்சகர்கள் நடுநிலை தவறுவர் என்று அஞ்சினர். அப்பட்டமான ஆண் பெயர் பூணவும் மனம் ஒப்பவில்லை. எனவே இருபாலுக்கும் பொதுவாய்த் தோன்றும் பெயர்களைத் தேர்ந்தனர். 1846-ல் வெளியான அவர்களது கவிதை நூல் ஓராண்டில் இரண்டே பிரதிகள் விற்றது. 1847-ல் ‘ஜேன் அயர்’ புகழ் பெற்றதும், மூவரும் ஒருவரே என்ற வதந்தி எழுந்தது. அதனை மறுக்க 1848-ல் சார்லட்டும் ஆனும் லண்டன் சென்று பதிப்பாளர் முன் நேரில் நின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் எமிலியும், மறு ஆண்டு மே மாதத்தில் ஆனும் மறைந்தனர். தங்கையரின் உண்மைப் பெயரை 1850-ல் சார்லட் உலகறியச் செய்தார். ‘உதரிங் ஹைட்ஸ்’ நூலின் முகப்பில் எமிலி தம் சொந்தப் பெயரைக் காணவே இல்லை.

பெயரை மறைத்தவர்கள் முதலெழுத்தை மட்டும் ஏன் விடாது வைத்திருந்தனர்? இதற்கு அச்சிட்ட விடை இல்லை. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த இதழுக்கான வினா: ஜார்ஜ் எலியட் என்னும் பெயரில் ‘மிடில்மார்ச்’ எழுதிய பெண்மணியின் இயற்பெயர் யாது?