ஆமத்தூரில் தொங்கினால் காலண்டர்!

ஜப்பானில் கபுகி என்றொரு நாடகம். அதன் நடிகர்களை மரக்கட்டையில் செதுக்கி, காகிதத்தில் அச்சடித்து, மலிவு விலைக்கு விற்றார்கள். ரசிகர்கள் வாங்கிக் குவித்தார்கள். 1794-95ல் பத்தே மாதம் வரைந்துவிட்டுக் காணாமல் போனவர் ஷராக்கு. அவர் படங்கள் இன்று உலக மியூசியங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. நாமும் வாயைப் பிளந்து பார்க்கிறோம்.

நம்ம சமாசாரத்துக்கு வாருங்கள். கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்தவர். திரைச்சீலையில் பழகிய அந்தக் கைதான் பிறகு காலண்டருக்கு முருகனையும் லட்சுமியையும் வரைந்தது. சிவகாசி அச்சகங்கள் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

‘அதெல்லாம் மலிவுச் சரக்கு சார்’ என்பார்கள் மேதாவிகள். ஷராக்கு மட்டும் என்னவாம்? அவருக்கும் முதலாளி இருந்தார், செதுக்க ஓர் ஆள், அச்சடிக்க ஓர் ஆள் இருந்தார். அதுவும் வியாபாரம்தான். டோக்கியோவில் தொங்கினால் கலை, ஆமத்தூர் டீக்கடையில் தொங்கினால் காலண்டரா? இது என்ன நியாயம்?

பட்டாசு வெடித்தால் போச்சு. படமும் அப்படிப் போகணுமா? ஒவ்வொரு அச்சகமும் பழைய படங்களில் ஒரு பிரதியாவது கொடுக்கட்டும். அரசாங்கம் சிவகாசியிலேயே அதற்கொரு கட்டடம் கட்டட்டும். இல்லாவிட்டால், கொண்டையராஜுவின் முருகனைப் பார்க்க நம் பேரப்பிள்ளைகள் லண்டனுக்கு ஃபிளைட் ஏறுவார்கள்!