வெளிச்சம் எங்கே தொலைஞ்சது?

மேட்ச்ல கடைசி ஓவர். திடீர்னு நெட் கட். மோடத்துல எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பா கண் சிமிட்டுது. கம்ப்ளெயின்ட் பண்றோம். தோள்ல பையோட ஒருத்தர் பைக்ல வந்து இறங்குறார். இந்த வாரம் அவரோட வேலையைத்தான் பார்க்கப் போறோம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடிச்சவங்களுக்குக் கைக்கு எட்டுற வேலை இது. டெலிகாம் செக்டர் ஸ்கில் கவுன்சில்ல ‘ஆப்டிகல் ஃபைபர் ஸ்ப்ளைசர்’ங்கற பேர்லயே ஒரு பயிற்சி இருக்கு.

இந்த வேலைன்னதும் எல்லாரும் ஸ்ப்ளைஸிங் மெஷினைத்தான் நினைக்கிறாங்க. உண்மையில, ரெண்டு இழையையும் நேரா நிறுத்தி, மின்பொறியில உருக்கி ஒட்டுற வேலையை மெஷினே பார்த்துக்கும். அதுக்கு முன்னாடி இருக்கறதுதான் உங்க கைவேலை. கண்ணாடி இழையோட மொத்தத் தடிமனே 125 மைக்ரான். அதுக்குள்ள ஒளி ஓடுற பாதை வெறும் 9 மைக்ரான். ஒரு தூசி உட்கார்ந்தா போதும், கதை முடிஞ்சது! மேல் பூச்சை உரிக்கணும், ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைக்கணும், கிளீவர்ல நேரா வெட்டணும். வெட்டின பிறகு மறுபடி துடைக்கப் போனீங்கன்னா முனையில அழுக்கு ஏறிடும். ஸ்லீவை முதல்லயே மாட்டிடுங்க. ஒட்டின பிறகு ஞாபகம் வந்தா, மறுபடி வெட்ட வேண்டியதுதான்!

ஆனா ஒட்டத் தெரிஞ்சவர் நிறைய பேர் இருக்காங்க. கோளாறு எங்கேன்னு சொல்லத் தெரிஞ்சவருக்குத்தான் மரியாதை. அதுக்குத் தேவை பவர் மீட்டரும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும்.

இப்படிப் பாருங்க. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து ஒளி பிளஸ் 3 டி.பி.எம்.ல கிளம்புதுன்னு வெச்சுக்குவோம். 4 கிலோமீட்டர் கேபிள்ல சுமார் 1 டி.பி. போகும். ஒண்ணை எட்டாப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒவ்வொண்ணும் சுமார் 10.5 டி.பி. சாப்பிடும், வழியில ரெண்டு இருந்தா 21. ஜாயின்ட், கனெக்டர் எல்லாத்துக்கும் சேர்த்து 2. ஆக வீட்டுல மைனஸ் 21 வரணும். மீட்டர் மைனஸ் 26 காட்டுது. மோடம் பெரும்பாலும் மைனஸ் 27 வரை தாங்கும், அதனால நெட் ஓடத்தான் செய்யும். ஆனா 5 டி.பி. காணோம்! அதாவது, வர வேண்டிய வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குதான் வருது. இன்னும் கொஞ்சம் குறைஞ்சா மறுபடி சிவப்பு விளக்குதான். ‘நெட் வந்துடுச்சு சார்’னு கிளம்புற ஆளுக்கும் நல்ல டெக்னீஷியனுக்கும் வித்தியாசம் இங்கதான்.

அடுத்து, ஸ்ப்ளிட்டர் பாக்ஸுக்குப் போய் பக்கத்து வீட்டு அளவைப் பாருங்க. எட்டுப் பேருக்கும் குறைவுன்னா கோளாறு பாக்ஸுக்கு முன்னாடி. ஒரு வீட்டுக்கு மட்டும்னா அந்த வீட்டு டிராப் கேபிள்ல. ஜன்னல் இடுக்குல நசுங்கி இருக்கும், ஆணி அடிச்சிருப்பாங்க, இல்லேன்னா கனெக்டர்ல விரல் ரேகை. பச்சை கனெக்டரோட முகம் 8 டிகிரி சாய்வு. நீலத்துக்குச் சாய்வு கிடையாது. அவசரத்துக்கு ரெண்டையும் சேர்த்து மாட்டினா நடுவுல இடைவெளி விழுந்து நிறைய வெளிச்சம் போயிடும். மெஷினைத் திறக்கறதுக்கு முன்னாடி துடைச்சுப் பார்க்கறது செலவில்லாத வைத்தியம் பாஸ்!

அதுலயும் பிடிபடலைன்னா ஓ.டி.டி.ஆர். வௌவால் கத்திட்டு எதிரொலியைக் கேட்கிற மாதிரி, ஒளியை அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்தை வெச்சுத் தூரம் சொல்லும். 1310, 1550 நானோமீட்டர் ரெண்டுலயும் அளந்து பாருங்க. 1550ல மட்டும் இழப்பு எகிறினா கேபிள் எங்கயோ மடங்கியிருக்கு. ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரின்னா ஜாயின்டையோ கனெக்டரையோ சந்தேகப்படுங்க. ஓடிட்டு இருக்கற லைன்ல மட்டும் இந்த அளவுகள்ல அடிச்சிடாதீங்க, ஒரே ஸ்ப்ளிட்டர்ல இருக்கற மத்த வீடுகளோட நெட்டும் தடுமாறும். அதுக்குன்னு ஃபில்டரோட 1625, 1650ல வேலை செய்யற மெஷின் இருக்கு.

இன்னொரு விஷயம். மெஷின் 1,840 மீட்டர்னு காட்டினா, ரோட்டுல 1,840 மீட்டர் அளந்து குழி தோண்டக் கூடாது! கம்பத்துலயும் சேம்பர்லயும் சுத்தி வெச்ச உபரி கேபிளும் அதுல சேர்ந்திருக்கு. கேபிளுக்குள்ள இழையும் முறுக்கிட்டுத்தான் போகும். எந்தக் கம்பத்துல எத்தனை மீட்டர் சுத்து இருக்குன்னு நோட்டுல எழுதி வெச்சவர் சரியான இடத்துல நிப்பார். எழுதாதவர் நாலு குழி தோண்டுவார். ‘ஒயர் இழுக்கற வேலைதானே’ன்னு வீட்டுல யாராவது சொன்னா, இந்தக் கணக்கை ஒருதடவை போட்டுக் காட்டுங்க.

வேலைக்குப் போற முதல் நாளே ரெண்டு பழக்கம் வேணும். வெட்டின துண்டுகளை ஒரு மூடி போட்ட டப்பாவுல போடுங்க. அது தோல்ல ஏறினா கண்ணுக்கே தெரியாது. அதனால ஜாயின்ட் போடற இடத்துல டிபன் பிரிக்காதீங்க. வெளிச்சம் வருதான்னு ஃபைபர் முனையைக் கண்ணு கிட்டயும் கொண்டு போகாதீங்க. வீட்டுக்கு வர்ற ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. பார்க்கறதுக்கு மீட்டர் இருக்கு!